லயத்தை விட்டவர்

1

நான் வேலை பார்க்கும் ஓவியக் காட்சியகத்தின் மேல்மாடியில், ஒரு சுவரில், என் குரல் இருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னச் சதுரத்தைப் போனில் காட்டினால் மொழிகளின் பெயர்கள் வரும். கடைசிக்கு முந்தியது தமிழ். அதைத் தொட்டால் நான் பேசுவேன். "வணக்கம் குழந்தைகளே, உங்கள் முன்னால் ஒரு பெரிய படம் இருக்கிறது" என்று தொடங்கி, அதை வரைந்தவரின் கதையைச் சொல்லி முடிப்பேன். போன வாரத்தோடு அது அங்கே ஏறி ஓராண்டு. இதுவரை யாரும் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடிய இடத்தில்தான் தினமும் நிற்கிறேன்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, கனடாவில் உனக்கு என்ன வேலை என்பது. நிற்கிற வேலை. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, இடுப்பில் வாக்கிடாக்கியுடன், யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரளத்துத் தேயிலை மலையில், வண்டிப்பெரியாரில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதன் பிறகு கம்பத்தில் திராட்சைத் தோட்டம், திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் ஓட்டல், கத்தாரில் கட்டட வேலை, கடைசியில் இந்த நாட்டுக் கிழக்குக் கரையில் மீன் ஆலை. மீன் ஆலையில் விரல்கள் மரத்துப்போகும். இங்கே கால்கள் மரத்துப்போகின்றன. உட்கார அனுமதி இல்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது.

2

காட்சியகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் கிளேர் என்ற பெண். ஒரு குளிர்காலக் காலையில், கதவு திறக்கும் முன் எங்களையெல்லாம் கூட்டி வைத்து, இங்கே வேலை செய்கிறவர்களின் தாய்மொழிகளில் குழந்தைகளுக்கான ஒலிக்குறிப்பு செய்யப்போகிறோம், யார் யார் பேசத் தயார் என்று கேட்டாள். கழுவித் துடைக்கும் பிலிப்பைன்ஸ் பெண் கையைத் தூக்கினாள். கோட்டு வாங்கி வைக்கும் இடத்தில் நிற்கும் சிரியாக்காரர் தூக்கினார். நானும் தூக்கினேன். எழுதவும் வேண்டும் என்பது அப்போது தெரியாது.

ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தார்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எழுதியது. அதில் உள்ளதை அவரவர் மொழியில் சொல்லி, வீட்டிலேயே போனில் ஒரு தடவை பேசி அனுப்ப வேண்டும். மொழி தெரிந்த ஒருவர் கேட்டுத் திருத்துவார். பிறகு முறையாகப் பதிவு.

அந்த ஓவியரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் ஊரில் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எனக்குப் பேச்சு ஆங்கிலம் உண்டு. புத்தக ஆங்கிலம் பாதிதான். எனவே மகள் மித்ராவை உட்கார வைத்தேன். பத்து வயது. இங்கே பிறந்தவள். என் மனைவி முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை பார்க்கிறாள். ஆகவே ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். வெளியே சாலையில் பனிக்கு உப்பு தூவும் வண்டி போய்க்கொண்டிருந்தது.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டோம்.

"அப்பா, அப்ஸ்ட்ராக்ட்னா அதுல திங்ஸ் இருக்காது. ஃபீலிங் மட்டும் இருக்கும்."

"அப்ப, பொருள் இல்லாத உணர்ச்சின்னு சொல்லலாமா?"

"பொருள்னா?"

"நீ சொன்னியே, திங்ஸ். அர்த்தத்துக்கும் அதான் சொல்லு. காசு பணத்துக்கும் அதைச் சொல்லுவாங்க."

"எல்லாத்துக்கும் ஒரே வேர்டா? தமிழ்ல வேர்ட்ஸ் கம்மியா அப்பா?"

கம்மி இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தது கம்மி. அதை அவளிடம் சொல்லவில்லை. "இந்தப் படத்தில் சாமான் எதுவும் இல்லை, மனசு மட்டும் இருக்கிறது" என்று எழுதினேன். மித்ரா தமிழில் வாசிக்க மாட்டாள், அதனால் நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "கூல்" என்றாள்.

3

புத்தகம் சொன்ன கதை இது. அவர் கடலுக்கு அந்தப் பக்கம், ஆடு மேய்க்கும் கிராமத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பாவோடு கப்பல் ஏறி இங்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் பேசுவதைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். படிப்பு நின்றது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனார். அவர் கையால் இழுத்த கோட்டை அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். வீடு, மரம், படகு, மனிதர்கள் என்று எல்லாவற்றையும் கோடுகளால் வரைந்து விற்றார்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவர் கோடு போடுவதை நிறுத்தினார். துணியைத் தரையில் விரித்து, சாயத்தை ஊற்றி, பழைய துணியால் இழுத்து, மேலே மறுபடி ஊற்றினார். 'கோடு என்பது இது உள்ளே, அது வெளியே என்று சொல்கிறது. உள்ளே வெளியே இல்லாத ஒரு படம் எனக்கு வேண்டும்' என்று அவர் சொன்னதாகப் புத்தகத்தில் இருந்தது. முதலில் யாரும் வாங்கவில்லை. மனைவி பிரிந்து போனாள். வாடகைக் கொட்டகையில் தனியாக இருந்து வரைந்தார். வயதான பிறகு பெரிய பெயர் வந்தது.

அவர் எப்படிச் செத்தார் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. காவலுக்கு நிற்பவர்களுக்குத் தெரியும். பெரியவர்களுக்கான குறிப்பில் இருக்கிறது. நிறையக் குடித்தார். கொட்டகையில் செத்து, சில நாள் கழித்துத்தான் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். குழந்தைகள் புத்தகத்தில் 'அவர் தூரிகைகளைக் கீழே வைத்தார்' என்று முடித்திருந்தார்கள்.

என் மாடியில் இருக்கும் அவருடைய படம் ஒரு சுவர் அகலம். கீழே கறுப்பு, மேலே சாம்பலும் வெள்ளையும், நடுவில் எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. பெயர் 'பெயரில்லாதது, ஏழு'. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து தரையில் உட்காருவார்கள். என்ன தெரிகிறது என்று கிளேர் கேட்பாள். புயல் என்பார்கள். நனைந்த நாய் என்பார்கள். அழித்த கரும்பலகை என்று ஒரு பிள்ளை சொன்னது. எனக்கு என்ன தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்ல ஒன்றுமில்லை. பல வருஷமாக எதிரிலேயே நிற்கிறேன். சுவரைப் போலத்தான் அதுவும்.

4

இனிமேல்தான் விஷயம்.

கோடு என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி எழுதவில்லை. புத்தகத்தில் இருந்தது 'லைன்' என்ற சொல். அவர் லைனை விட்டார், திரும்ப அதனிடம் போகவே இல்லை என்று மித்ரா படித்துச் சொன்னாள். என் கை தானாக எழுதியது: "அவர் லயத்தை விட்டார். பிறகு அங்கே திரும்பிப் போகவே இல்லை." கோடு என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று வரவில்லை.

எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் லயம் என்றால் தொழிலாளிகளின் வரிசை வீடு. ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், அதைத் தடுத்துத் தடுத்து ஆறு வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் லைன் என்றான், நாங்கள் லயம் ஆக்கினோம். நான் பிறந்தது லயத்தில். லைன் என்ற சத்தம் காதில் விழுந்தால் எனக்கு அந்தக் கூரைதான் முதலில் வரும்.

லயத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வீடு எஸ்டேட்டுடையது. வீட்டில் ஒருவருடைய பேராவது எஸ்டேட்டில் பதிந்திருக்க வேண்டும். அவருக்கு வயது முடிந்து வேலையிலிருந்து நின்றால், அடுத்து அந்த வீட்டில் ஒருவர் பேர் பதிய வேண்டும். ஆள் இல்லை என்றால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

என் அக்கா பேச்சியம்மாள் கொழுந்து எடுத்தே அந்த வீட்டை வைத்திருந்தாள். அத்தான் செத்துப் பல காலம் ஆயிற்று, பிள்ளை இல்லை. எனக்கு மித்ரா புத்தகம் படித்துக் காட்டிய அதே குளிர்காலத்தில்தான் அக்காவுக்கு வேலை முடிந்திருந்தது. ஜூன் மழைக்கு முன்னால் வீட்டைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

"ஒழிஞ்சு குடுக்கணுமாம்லே" என்றாள் போனில்.

ஆபீஸில் சொன்ன மலையாளத்தை அப்படியே சொன்னாள். அங்கே அது வீட்டைக் காலி செய்வது மட்டும்தான். தமிழில் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல. எந்தம்பி கனடாவுல இருக்கான், அவங்கிட்டக் கேட்டுச் சொல்லுதேன்னேன். சரி, கேட்டுச் சொல்லுன்னுட்டான். நீ ஒரு பதில் சொல்லு மாரி."

பதில் சொல்கிறேன் என்றேன்.

மித்ராவுக்கு இது எதுவும் தெரியாது. அத்தை எங்கே இருக்கிறாள் என்று அவள் சின்ன வயதில் கேட்டபோது, எஸ்டேட் லைனில் என்று நான் சொல்லியிருக்கிறேன். அப்போது ஒரு படம் வரைந்தாள். குறுக்காக ஒரு நீளக் கோடு. அதன் மேல் சேலை கட்டிய ஒரு பெண், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, விழாமல் நிற்கிறாள். குளிர்பெட்டிக் கதவில் கொஞ்ச நாள் ஒட்டியிருந்தது.

5

பேசிப் பதிந்ததைக் கிளேருக்கு அனுப்பும் முன் அக்காவுக்கு அனுப்பினேன். என் தமிழ் குழந்தைகளுக்குப் புரிகிறதா என்று பார்க்க வேறு ஆள் இல்லை. அக்கா வீட்டில் சாயங்காலம் லயத்துப் பிள்ளைகள் வந்து உட்காரும். அவளை எல்லாரும் அத்தை என்பார்கள். அதில் பக்கத்து வீட்டு சுபா நாலாம் வகுப்பு. வாய் ஓயாதவள்.

மறுநாள் காலை, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே விளக்குப் போட்டிருந்தார்கள். திரை முழுக்கத் தலைகள்.

"மாமா, அவரு எந்த எஸ்டேட்டு?" என்றாள் சுபா.

"எஸ்டேட் இல்லம்மா. இது வேற நாடு."

"பின்ன லயத்த விட்டாருன்னு சொல்லுதீங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்லித் திருத்துவதற்குள் இன்னொரு பிள்ளை தலையை நீட்டியது. "லயத்த விட்டு எங்க போனாரு? கம்பத்துக்கா, தேனிக்கா?"

"கொட்டகைக்குப் போனாருன்னுதான் மாமா சொன்னாங்கல்லா. காது கேக்கலையா ஒனக்கு?" என்று சுபா அதட்டினாள்.

பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது. "வாடகைக் கொட்டகைன்னா மழைக்கு ஒழுவுமே."

"லயமும்தான் ஒழுவுது" என்றாள் சுபா.

"அதத்தாம்ட்டி அந்த மனுசனும் சொல்லுதாரு. லயம்னா இது உள்ள, அது வெளியன்னு சொல்லுமாம்ல. நம்ம லயத்துல மழை பெஞ்சா உள்ளயும் வெளியவும் ஒண்ணுதான். அவரு இருந்தது நல்ல லயம் போல."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

"அவரு பொஞ்சாதி ஏன் போனா?" என்று கேட்டது ஒரு குரல்.

"கையில வீடு இல்லாதவனோட எவ இருப்பா? போயிருப்பா" என்றாள் அக்கா.

"செத்துட்டாரா மாமா?"

தூரிகைகளைக் கீழே வைத்தார் என்றுதான் நான் பேசியிருந்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு அது போதவில்லை. ஆமாம் என்றேன்.

"அந்தக் கொட்டகையிலயா?"

"ஆமா."

படத்தைக் காட்டுங்கள் என்றாள் சுபா. போனில் வைத்திருந்த படத்தை அனுப்பினேன். நாய் என்றோ புயல் என்றோ யாரும் சொல்லவில்லை. "அடுப்படிச் சுவரு மாதிரி இருக்கு" என்றார்கள். அக்காவின் அடுப்படிச் சுவர் எனக்குத் தெரியும். கீழே புகை ஏறிய கறுப்பு, மேலே நனைந்து ஊறிய சுண்ணாம்பு.

பஸ் வந்துவிட்டது. லயம் இல்லை, கோடு என்று நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் அந்தக் கதையில் அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

6

அக்காவை இங்கே கொண்டுவர முடியுமா என்று பார்த்தேன். விசா எழுதிக் கொடுக்கும் பஞ்சாபிக்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். அப்பா அம்மா என்றால் வழி உண்டு, பெண்டாட்டி பிள்ளை என்றால் வழி உண்டு, அக்கா குடும்பத்தில் வராது என்றார். எங்கள் ஊரில் அக்காவை விட்டால் வேறு குடும்பம் இல்லை என்றேன். தெரியும், எங்கள் ஊரிலும் அப்படித்தான், இவர்கள் கணக்கில் வராது என்றார்.

சரி, சும்மா பார்த்துவிட்டுப் போக என்று கேட்டோம். அக்கா ரேகை கொடுக்கக் கொச்சிக்குப் போனாள். கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை சரியாக விழவில்லை என்று மறுபடி மறுபடி அழுத்தச் சொன்னார்களாம். திரும்பிப் போவதற்கு அவளுக்குச் சொந்த நாட்டில் வீடு இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார்கள். வீடு இல்லாததால்தான் அவள் வருகிறாள் என்பதை எந்த இடத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. எஸ்டேட் ஆபீஸில் ஒரு கடிதம் கேட்டாள். ஒழிந்து கொடுக்க வேண்டிய வீட்டுக்கு எப்படிக் கடிதம் தருவது என்று அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

விசா இல்லை என்று வந்தது. காரணம், அவள் திரும்பிப் போவாள் என்று நம்ப முடியவில்லை என்பது.

அன்று மித்ராவிடம், அத்தையிடம் இரண்டு வார்த்தை பேசு என்று போனைக் கொடுத்தேன்.

"ஹாய் அத்தை."

"ஏ மித்ரா, சாப்டியாம்மா?"

"யா. சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

"பாஸ்தா."

"அப்டியா. நல்லா இருந்துச்சா?"

"யா."

அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். மித்ராவும் சிரித்துக்கொண்டே இருந்தாள். போனை என்னிடம் தந்துவிட்டு மித்ரா அறைக்குள் போனாள். பாஸ்தா என்றால் என்ன என்று அக்கா என்னிடம் கேட்டாள். சேமியா மாதிரி என்றேன்.

7

என் பேச்சைத் திருத்திக் கொடுத்தவர் சென்னைக்காரர். இங்கே பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுக்கிறார். நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். மதிய உணவு நேரத்தில் போன் செய்தார்.

"மிஸ்டர் மாரியப்பன், ரொம்ப நல்லா பேசியிருக்கீங்க. 'சாமான் எதுவும் இல்லை, மனசு மட்டும் இருக்கிறது', அதை நான் தொடவே மாட்டேன். ஒரே ஒரு சொல்தான். லயத்தை விட்டார்னு வருதே?"

"ஆமாங்க மேடம்."

"லயம்னா ரிதம். பாட்டுல தாளம், லயம்னு சொல்றோமே. அவர் தாளத்தை விட்டுட்டார்னு ஆயிடுதே."

அந்த லயம் எனக்குத் தெரியவே தெரியாது. ரேடியோவில் கேட்டிருப்பேன். எங்கள் ஊர் லயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆறு வீடா, ஒரே கூரையா, யார் யார் இருப்பார்கள் என்றெல்லாம் விசாரித்தார். இப்போது அங்கே உங்கள் வீட்டார் இருக்கிறார்களா என்றார். அக்கா இருக்கிறாள், மே மாதம் வரை என்றேன்.

"ஆனா மத்த ஊர்க் குழந்தைகளுக்குப் புரியாது, இல்லையா?"

"புரியாதுங்க."

"அப்ப கோடுன்னே போட்டுடுவோம். சிம்பிளா, 'அவர் கோட்டை விட்டார்...'"

நிறுத்தினார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ, வேணாம். 'அவர் கோட்டை விட்டார், பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.' அப்புறம் யார் அந்தப் படத்தைப் பார்ப்பாங்க?" நானும் சிரித்தேன். அன்று காலைதான் பஞ்சாபிக்காரர் இன்னொரு தடவை விண்ணப்பம் போடுவதில் பிரயோஜனம் இல்லை என்று சொல்லியிருந்தார். கோட்டை விட்டவன் யார் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது, போனது.

கடைசியில் இப்படி முடிவானது: "அவர் கோடு வரைவதை நிறுத்தினார். அதன் பிறகு ஒரு கோடும் வரையவில்லை." சரியான தமிழ். தப்பு எதுவும் இல்லை. பதிவு செய்யும் அறையில் அதைச் சொல்லும்போது நாக்கு எங்கும் தடுக்கவில்லை. ஒரே தடவையில் முடிந்துவிட்டது. கிளேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

8

மே மாதக் கடைசியில் அக்கா வீட்டைக் கொடுத்தாள். கம்பத்தில் ஒரு அறை பார்த்தாயிற்று. வாடகை நான் அனுப்புவது, திராட்சைத் தோட்டத்தில் கூப்பிடும் நாட்களில் அவள் வேலைக்குப் போவது என்று ஏற்பாடு. இதுதான் நான் சொன்ன பதில்.

அன்று சுபா அம்மாவின் போனை வாங்கி எனக்கு எல்லாவற்றையும் காட்டினாள். ஜீப்பில் இரண்டு சாக்கு, ஒரு இரும்புப் பெட்டி, குடம். முற்றத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், அடுத்து அந்த வீட்டுக்கு வருகிறவர்கள், வாளியும் படுக்கையுமாக நின்றார்கள். லேசாக மழை. அக்கா அவர்களைப் பார்த்து உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர்கள் வரவில்லை. சாவி கைமாறும் வரை வரக்கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

"உள்ள ஒண்ணு காட்டுதேன் மாமா" என்று சுபா வீட்டுக்குள் ஓடினாள்.

அடுப்படிச் சுவர் அல்ல. முன்னறைச் சுவர். அகலம் முழுக்கப் படம். கீழே அடுப்புக் கரி, மேலே சுண்ணாம்பு, நடுவில் துணிக்குப் போடும் நீலத்தை ஊற்றிக் கோணியால் இழுத்திருந்தார்கள். எப்படியும் போகப் போகிற வீடு, செய்துகொள்ளுங்கள் என்று அக்கா விட்டிருக்கிறாள்.

சாவி வாங்க வந்த வாட்சர் அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "யாரு பண்ணுன வேலை இது? இதுக்கு வெள்ளையடிக்கிறது யாரு?"

"அது படம்" என்றாள் அக்கா.

"என்ன படம்? ஒண்ணும் தெரியலையே."

"ஒண்ணும் தெரியக்கூடாதுன்னு வரைஞ்ச படம். கனடாவுல சுவரு அகலத்துக்கு மாட்டி, எந்தம்பிய நிறுத்திக் காவல் காக்குதாவ. ஒமக்குச் சும்மா கெடைச்சிருக்கு. சாவியப் பிடியும்."

வாட்சர் சிரித்துவிட்டார். சாவியை வாங்கிக்கொண்டார். அக்கா ஜீப்பில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. சுபா போனைத் தன் முகத்துப் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஜார்க்கண்ட் குடும்பம் அந்தப் படத்தை அழிக்கவில்லை என்று பிறகு சொன்னாள். நடுவில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருக்கிறார்களாம்.

9

அக்கா இப்போது கம்பத்தில் இருக்கிறாள். வெக்கை தாங்கவில்லை என்பாள். மழைக்கு ஒழுகவில்லை என்றும் சொல்வாள். நான் வாடகை அனுப்புகிறேன். மித்ரா மாதம் ஒரு முறை ஹாய் அத்தை சொல்கிறாள். குளிர்பெட்டிக் கதவில் இருந்த படம் எப்போது போனது என்று யாருக்கும் ஞாபகமில்லை. மாடியில் குழந்தைகள் வந்து உட்காருகிறார்கள், நனைந்த நாய் என்கிறார்கள், போகிறார்கள்.

போன வாரம், காலையில் நான் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது சுபா கூப்பிட்டாள். ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பள்ளியில் ஆளுக்கு ஒரு கலைஞரைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். எல்லாரும் பாட்டுக்காரர்களையும் நடிகர்களையும் சொன்னார்கள். இவள் எங்கள் ஓவியரைச் சொல்லியிருக்கிறாள். அக்கா போனிலிருந்து எடுத்த என் பழைய பேச்சைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாளாம்.

"சாமான் எதுவும் இல்லை, மனசு மட்டும் இருக்கிறதுன்னதும் டீச்சர் கை தட்டுனாங்க மாமா. அவங்களுக்கே அவரத் தெரியாதாம்."

"நல்லது."

"லயத்தை விட்டார், பிறகு அங்கே திரும்பிப் போகவே இல்லைன்னேன். எல்லாரும் கம்முனு இருந்தாங்க. எங்க கிளாஸ்ல பாதிப்பேரு லயம்தானே. ஆனா ஒருத்தி ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அதான் போட்டேன்."

"என்ன கேட்டா?"

"அந்த வீட்டுல அடுத்துப் பேரு பதிய ஆளு யாருமே இல்லையான்னு."

மாடிக் கதவு திறக்கும் மணி அடித்தது. வாக்கிடாக்கியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இல்லம்மா" என்றேன்.

"அண்ணன் தம்பி கூடவா இல்ல?"

"ஒரு தம்பி இருந்தான்."

"அவன் பதியலாம்ல? ஏன் பதியல?"

"அவன் முந்தியே லயத்த விட்டுட்டான்."

சுபா எழுதிக்கொள்கிறாள் போலிருந்தது.

"அப்பச் சரி மாமா" என்றாள்.

போனை வைத்துவிட்டு மேலே போய் என் இடத்தில் நின்றேன்.